சிரித்தபடி பதிவான அபாயம்

1

இந்தக் கதை ஓர் அவமானத்திலிருந்து பிறந்தது. அதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வேறு யாராவது சொன்னால் எனக்கு அது இரண்டாவது அவமானம்.

ஒரு பொதுக்கூட்டம். ஆற்றோரக் குடியிருப்புக்குக் கல்லால் கரை கட்டித்தர வேண்டும் என்பது கோரிக்கை. "மண்ணைக் கொட்டி மனிதரை ஏமாற்றும் மேடுகள் இனி வேண்டாம்!" என்று நான் முழங்கிக்கொண்டிருந்தேன். கூட்டம் தன் கைக்குள் வந்துவிட்டது என்று பேச்சாளனுக்குத் தெரிந்துபோகும் ஒரு கணம் உண்டு. முதுகுகள் நிமிரும், இருமல்கள் நிற்கும். அந்தக் கணம் வந்தது. அதே கணத்தில், முன்வரிசைப் பெண் ஒருத்தியின் மடியில் கைப்பேசி ஒலித்தது. அவள் அதை அணைக்கவில்லை. சுற்றியிருப்பவர்களுக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினாள். கூட்டியதோடு நில்லாமல் என்னைப் பார்த்துக் கையமர்த்தினாள்.

"அய்யா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. தண்ணி நிலவரம் சொல்றாங்க. முக்கியம்."

"அப்ப நான் பேசுறது முக்கியம் இல்லையாம்மா?"

"அதுவும் முக்கியந்தான். ஆனா அது நாளைக்கும் அப்படியேதான இருக்கப்போகுது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? ஒலிவாங்கியின் முன் வாயடைத்து நின்ற என் முன்னால், உடலில்லாத ஒரு பெண் பேசினாள். "வணக்கம். இன்று மாலை. ஆற்று நீர்மட்டம். உயராது. நன்றி." அவ்வளவுதான். ஐந்தே துண்டுகள். கூட்டம் மூச்சுவிட்டது. பிறகு, போனால் போகிறது என்பதுபோல் என் பக்கம் திரும்பியது.

அன்றைக்கு என்ன பேசி முடித்தேன் என்பது எனக்கு நினைவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள், வாசகரே! எங்கோ மலையடிவாரத்துப் பாலத்தில் பொருத்திய ஒரு பெட்டி ஆற்றின் உயரத்தை அளக்கிறது. அளந்ததைக் காற்றில் எறிகிறது. எங்கோ ஓர் அறையில் ஒரு கணினி அதைப் பிடிக்கிறது. பிடித்து, ஒரு பெண் எப்போதோ சொல்லி வைத்த சொற்களில் பொருத்தமானவற்றைப் பொறுக்கிக் கோக்கிறது. கோத்து, எழுத்தறியாதவளின் மடியில் கொண்டுபோய் வைக்கிறது. ஆண்டாண்டு காலமாக அரசனுக்கு மட்டும் ஒற்றன் வந்து சொன்ன சேதி, இன்று துணி வெளுப்பவளுக்கு வருகிறது. வாசல் தேடி வருகிறது. வந்து "வணக்கம்" வேறு சொல்கிறது!*

\* இதை "அற்புதம்" என்று எழுதி அடித்துவிட்டேன். அந்தச் சொல்லை விற்றுப் பிழைத்தவர்களை எதிர்த்தே என் நாக்கு வளர்ந்தது. ஆனால் அடித்த இடம் வெறுமையாக இருக்கிறது. வேறு சொல் கிடைக்கும்வரை அந்த வெறுமை அப்படியே இருக்கட்டும்.

2

அந்தக் குரலுக்கு உரியவளை நான் பார்த்ததில்லை. அவளைப் பற்றி இனி வருவது முழுக்கப் புனைவு. புனைவதற்கு எத்தனை முறை உட்கார்ந்தேன் என்பதையும் நீங்கள் பார்த்துவிடுங்கள்.

முதல் தொடக்கம்: "தேன் தடவிய குரல் அவளுக்கு. அந்தக் குரலைக் கேட்டால்—"

[வேண்டாம். பெண்குரல் என்றதும் தேன்குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவது ஆணெழுத்தின் அனிச்சை. குடத்தைக் கீழே வைத்துவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "ஏழைகள் கரை கேட்டார்கள். உலகம் அவர்களுக்குக் கைப்பேசி கொடுத்தது. என்னே இந்த உலகத்தின்—"

[இது துண்டறிக்கை. அச்சகத்துக்குப் போகட்டும். போதாததற்குப் பொய்யும்கூட. கைப்பேசியை யாரும் கொடுக்கவில்லை. உழைத்து, தவணை கட்டி, அவர்களே வாங்கினார்கள். கரைதான் இன்னும் வரவில்லை.]

மூன்றாம் தொடக்கம்: "சின்னவள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் சின்னவள் பேசினாள்."

இது நிற்கும் என்று தோன்றுகிறது. இதைப் பிடித்துக்கொண்டு மேலே போவோம்.

3

சின்னவள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் சின்னவள் பேசினாள்.

அந்த நிவாரண அமைப்பின் அலுவலகம் ஒரு கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே தார்ப்பாய்ச் சுருள்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வாளிகள், சோப்புப் பெட்டிகள். மேலே இரண்டு அறைகள். ஒன்றில் மேசைகள். மற்றொன்றில் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, கதவின் உட்புறம் பழைய மெத்தையை அறைந்து, அதை ஒலிப்பதிவுக் கூடம் என்று அழைத்தார்கள். கணினியும் அங்கேதான், ஒரு கண்ணாடித் தடுப்புக்கு அப்பால். அதைக் கவனித்துக்கொள்பவனுக்கு ஒயர் என்று பெயர். கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கம்பி மாலைபோல் தொங்கும். அவன் சின்னவளைக் குரல் என்றுதான் கூப்பிடுவான். "குரலு, இங்க வா. நீ பேசுற, கேளு."

ஓராண்டுக்கு முன் ஒரே காலையில் அவள் எல்லாச் சொற்களையும் பதிந்து கொடுத்தாள். "இன்று." "நாளை." "உயரும்." "உயராது." "தாழ்வான பகுதி மக்கள்." அதன்பின் கணினியே அவற்றைக் கோத்துக்கொண்டது. அவள் வாழ்நாளில் சொல்லியிராத வாக்கியங்களை அவள் குரல் சொல்லத் தொடங்கியது. முதல் சில நாள்கள் சின்னவள் மெத்தைக் கதவில் காதை வைத்து மயிர்க்கூச்செறிய நின்றாள். தான் இங்கே நிற்க, தன் குரல் ஆற்றைத் தாண்டிப்போய் ஆயிரமாயிரம் வீட்டுக்குள் நுழைகிறது. ஒருவரும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை!

அந்தப் பதிவுக் காலையில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். குரல் பயிற்றுவிக்க ஒருவர் வந்திருந்தார். பெரிய அழைப்பு மையங்களில் ஆட்களைப் பழக்கியவர். அவர் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டினார்.

"இத பாத்து சிரிச்சுக்கிட்டே சொல்லும்மா. நீ சிரிக்கிறது போன்ல கேக்கும்."

"அபாயம்னு சொல்றப்பவுமா சார்?"

"எல்லா வார்த்தையும் ஒரே முகத்தோட. அப்பதான் வெட்டி ஒட்ட வரும். ஒண்ணு அழுது, ஒண்ணு சிரிச்சா ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும்."

அவர் சொன்னது தொழில்முறையில் சரி. அவளும் சரியாகச் செய்தாள். "அபாய அளவைத் தாண்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தாள், பல் தெரிந்தது. "உடனே வெளியேறவும்." பல் தெரிந்தது. கடைசியில், "நன்றி."

4

இப்போது அக்காவைக் கொண்டுவர வேண்டும். இந்தப் பாத்திரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

[முதல் வரைவில் அக்கா ஒரு பிடிவாதக்காரி, புதிதாக வந்த எதையும் நம்பாதவள், அறிவொளி படாதவள். எழுதி முடித்துப் படித்தேன். மேடையிலிருந்து கீழே பார்த்து எழுதிய பெண் அவள். தாளைக் கிழித்தேன். கிழித்த பிறகுதான் அவள் பேச ஆரம்பித்தாள்.]

அக்கா ஆற்றின் எதிர்க்கரையில், தாழ்ந்த தெருவில், பள்ளிச் சீருடைகள் தைக்கிறவள். தெருவில் எல்லாருக்கும் சட்டை அளவு எடுத்ததைப்போலவே ஆளையும் அளந்து வைத்திருப்பவள். வாடகைத் தகராறானாலும், பெண்ணைப் படிக்கவைப்பதா வேண்டாமா என்ற பஞ்சாயத்தானாலும், "தையலக்கா என்ன சொல்லுது?" என்பதே கடைசிக் கேள்வி.

அக்காவுக்கும் சின்னவளுக்கும் பேச்சு இல்லை. அவர்களின் அம்மா இறந்த அன்று அக்கா திரும்பத் திரும்ப அழைத்தாள். சின்னவள் ஒயருக்கு உதவியாக ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தாள். அங்கே கைப்பேசியை அணைத்துவைக்க வேண்டும் என்பது விதி. அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்கா வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "ஊருக்கெல்லாம் போன் பண்றவளே, வீட்டுப் போனை எடுக்க மாட்டியா?" அத்தோடு சரி. தங்கையின் எண்ணிலிருந்து அழைப்பே வராதபடி அக்கா தடுத்துவைத்தாள்.

ஆனால் வாசகரே, மனித மனத்தை வெட்டி ஒட்ட எந்தக் கணினியாலும் ஆகாது. தங்கையின் எண்ணைத் தடுத்த அதே கையால், தினமும் வேலைக்கு நடுவே தண்ணீர் நிலவரம் சொல்லும் எண்ணைத் தானே அழைத்து, ஒலியைக் கூட்டி, தையல் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுக் கேட்பாள். நாள்தோறும் வரும் அழைப்பு போதாது அவளுக்கு.

"தங்கச்சிகூடப் பேசுறதில்லேன்னு சொன்னே?" என்று பக்கத்து வீட்டுக்காரி சீண்டினாள்.

"நான் எங்க பேசுறேன்? அவதான் பேசுறா."

இன்னொரு வழக்கமும் உண்டு. சேதி முடிந்ததும், "கருத்தைப் பதிவு செய்ய எண் இரண்டை அழுத்தவும்" என்று அதே குரல் சொல்லும். பிறர் கருத்துச் சொல்வார்கள், அக்கா திட்டுவாள். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க, 'உயராது'ன்னு சொல்றப்ப மூக்கால பேசுறா. ஜலதோஷத்தோட பதிஞ்சிருக்கா. கஷாயம் குடிக்கச் சொல்லுங்க." ஓராண்டுக்கு முந்தைய ஜலதோஷம்! ஒயர் அதை ஒலிக்கவிட்டுச் சிரிப்பான். சின்னவள் காதில் விழாததுபோல் வாளிகளை எண்ணக் கீழே இறங்கிப்போவாள். படியில் நின்று மூக்கைத் துடைத்துக்கொள்வாள்.

5

[இந்தப் பகுதியை இடியோடும் மின்னலோடும் தொடங்கினேன். "வானம் கிழிந்தது, பூமி—" நிறுத்திக்கொண்டேன். உண்மையான வெள்ளத்துக்கு மேடையலங்காரம் தேவையில்லை. அது வெயிலில் வரும்.]

வெயிலில்தான் வந்தது. ஆற்றோரத்தில் ஒரு சொட்டு மழையில்லை. எதிர்க்கரையில் கொடி கொடியாகத் துணி காய்ந்தது. மழை பெய்தது மலையில். அங்கே பெய்ததை இங்கே யாரும் பார்க்கவில்லை. பாலத்துப் பெட்டி மட்டும் பார்த்தது.

நண்பகல். சின்னவள் டீத் தம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள். மெத்தைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"வணக்கம். இன்று மாலை. ஆற்று நீர்மட்டம். அபாய அளவைத் தாண்டும். தாழ்வான பகுதி மக்கள். உடனே வெளியேறவும். நன்றி."

இந்தச் சொற்கள் இந்த வரிசையில் அதுவரை கோக்கப்பட்டதே இல்லை. பள்ளி ஆண்டுவிழாவுக்கு அழைப்பதுபோல், எதிர்க்கரை முழுவதையும் அவள் சாவிலிருந்து தப்பிக்க அழைத்துக்கொண்டிருந்தாள். அந்த "நன்றி" அவள் முதுகுத்தண்டில் இறங்கியது.

அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் ஒரே நேரத்தில் இரண்டு கைப்பேசிகளில் பேசினார். மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்லியாயிற்று. ஒலிபெருக்கி கட்டிய வண்டி எதிர்க்கரைக்குப் போகும் பாலத்தருகே நின்றுவிட்டது, அந்தப் பாலம் மூடப்பட்டுவிட்டது. இனி அந்தக் கரைக்குப் போகக்கூடியது ஒன்றுதான். காற்றில் போவது.

சின்னவள் ஜன்னலுக்கு ஓடினாள். எதிர்க்கரையில் மேட்டுச்சாலை பளிச்சென்று தெரிந்தது. வெளியேறுகிறவர்கள் அதில்தான் ஏறியாக வேண்டும். சாலை காலியாக இருந்தது. கணினி இரண்டாம் முறை எல்லாரையும் அழைத்தது. சாலை காலியாகவே இருந்தது.

"குரலு, உங்கக்கா ரெண்டை அழுத்தியிருக்கு," என்றான் ஒயர். அவன் சிரிக்கவில்லை.

ஒலிக்கவிட்டான். பின்னணியில் தையல் இயந்திரத்தின் கடகடப்பு. தெருப்பெண்களின் பேச்சு. அதற்கு மேல் அக்கா:

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. இங்க எல்லாரும் வந்து, கிளம்பவா வேணாமான்னு என்னையக் கேக்குறாங்க. நான் சொல்லிட்டேன், அவ பயந்தா எப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியாதா? சின்னப்பிள்ளையில அடுப்புல திரைத்துணி பத்திக்கிட்டப்ப வந்து 'அக்கா அடுப்பு இல்ல திரை வா அய்யோ வா'ன்னா. அவளுக்குப் பயம் வந்தா வாக்கியமே வராது. இது சும்மா ஒத்திகை. பல்லைக் காட்டிக்கிட்டு பேசுறா. யாரும் கிளம்ப வேணாம், வெயில்ல குழந்தைகளை இழுத்துக்கிட்டு அலைய வேணாம்னு சொல்லிட்டேன்."

இதோ, நான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்த இடம் இதுதான். அறியாமையால் அந்தத் தெரு உட்கார்ந்திருக்கவில்லை. அந்தக் குரலை உலகத்திலேயே நன்றாக அறிந்த ஒருத்தியின் சொல்லை நம்பி உட்கார்ந்திருந்தது. அவள் கணக்கில் பிழை இல்லை. பயமில்லாத குரலில் பயமில்லை என்றே அவள் கேட்டாள். குரலிலிருந்து பயத்தை வழித்தெடுத்துவிட்டுச் சொல்லை மட்டும் அனுப்பினோமே, நாமல்லவா பிழைசெய்தவர்கள்!

[நாமா? இந்த "நாம்" பற்றி எனக்கு உறுதியில்லை. மேடையில் எளிதாக வருகிற சொல். விட்டுவைக்கிறேன்.]

6

"சார், நான் நேரடியா பேசுறேன். லைனைத் திறக்கச் சொல்லுங்க," என்றாள் சின்னவள்.

ஒருங்கிணைப்பாளர் கெட்டவர் அல்லர். [கெட்டவராக ஆக்கிப் பார்த்தேன், கதை உடனே சுலபமாகிவிட்டது. சுலபமானதால் மாற்றினேன்.] வேறோர் ஊரில் ஒரு பதற்றமான அறிவிப்பால் ஏற்பட்ட நெரிசலை அவர் கண்ணால் பார்த்தவர்.

"பதறினா ஆளுங்க செத்துடுவாங்கம்மா. நான் பாத்திருக்கேன்."

"பதறலேன்னாலும் செத்துடுவாங்க சார். ஜன்னல் வழியா பாருங்க."

அவர் பார்த்தார். காலிச் சாலையைப் பார்த்தார். "பேசு. ஆனா..." என்று தொடங்கி, முடிக்காமல் கையை வீசினார்.

அவள் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தாள். ஒயர் விசையைத் தட்டினான். எதிர்க்கரையில் எல்லாக் கைப்பேசிகளும் மூன்றாம் முறையாக ஒலித்தன. சின்னவள் வாயைத் திறந்தாள்.

"வணக்கம். தாழ்வான பகுதி மக்கள் உடனே வெளியேறவும்."

ஒயர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து தலையைப் பிடித்துக்கொண்டான். அவள் காதில் அவன் குரல்: "குரலு, மெஷின் மாதிரியே வருதே!"

அவளுக்கும் கேட்டது. குரல் இஸ்திரி போட்டதுபோல் மடிப்புக் கலையாமல் வந்தது. ஒலிவாங்கியைக் கண்டதும் தொண்டை தானாகச் சிரித்தது. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னக் கண்ணாடியைப் பிய்த்து எறிந்தாள். மறுபடி, "அபாய அளவை—" அதே இனிமை. கத்திப் பார்த்தாள்; அது கத்துவதுபோல் நடிக்கும் இனிமையாக வந்தது. பயம் உடம்பெல்லாம் இருந்தது. குரலில் மட்டும் இல்லை.

மேடைக்காரன் நான், இதை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. கோபத்தைப் பழகலாம். கண்ணீரைப் பழகலாம். பழகிய பிறகு, உண்மையான ஒன்று தேவைப்படும் நாளில், அது எந்தக் கதவு வழியாக வெளியே வரும்?

ஒயர் ஒன்று செய்தான். யாரையும் கேட்கவில்லை. அக்காவின் பதிவை எடுத்து, திறந்திருந்த ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்திருந்த சின்னவளின் காதில் முழு ஒலியோடு விட்டான். "…பல்லைக் காட்டிக்கிட்டு பேசுறா. யாரும் கிளம்ப வேணாம்…"

அவ்வளவுதான்.

"ஏய்! அக்கா! நீ யாரு சொல்றதுக்கு, கிளம்ப வேணாம்னு, தண்ணி அங்க மேல பாலம் மூடி, இங்க வெயிலு அதான் உனக்குத் தெரியல, எந்திரி! அது நான் இல்ல அக்கா அது மெஷினு, அது போன வருஷம் சிரிச்சது, நான் இப்பதான் பேசுறேன், பயமா இருக்குக்கா, எந்திரி, அந்தத் தையல் மெஷினைக் கட்டிக்கிட்டு உக்காராத, எல்லாரும் எந்திரிங்க, அண்ணே, அத்தே, யாரா இருந்தாலும், நடக்க முடியாதவங்கள தூக்கு, அம்மா போனப்ப நான் எடுக்கல, எடுக்கல, சரி, எடுக்கல, நீ எடுத்துட்டல்ல, இப்ப காதுல வெச்சிருக்கல்ல, எடுத்துட்டு ஏன் உக்காந்திருக்க அக்கா—"

இப்போது எதிர்க்கரைக்குப் போவோம். நான் கற்பனை செய்தவற்றிலேயே என்னை நடுங்கவைத்தது இதுதான். எல்லாக் கைப்பேசிகளிலும் ஒரே குரல். ஆனால் ஒன்றுக்கொன்று இமைப்பொழுது முன்பின். ஆகவே "அக்கா" என்ற சொல் ஓரிடத்தில் ஒலிக்கவில்லை. தெருவின் ஒரு முனையில் கிளம்பியது. சலவைத் துறையைத் தாண்டியது. படகின் அடியில் படுத்திருந்தவனின் சட்டைப்பையில் ஒலித்தது. கடைப் பலகையில், தொட்டில் கயிற்றில், பூட்டிய வீட்டுக்குள் யாரும் எடுக்காமல் அதிர்ந்த கருவியில் என்று அலையலையாக ஓடிப் போய்க்கொண்டே இருந்தது. குடியிருப்பே ஒரு தொண்டையாகி அக்கா, அக்கா, அக்கா என்றது. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவருக்கு அக்காவாக இருந்த பெண் தலை நிமிர்ந்தாள்.

தாழ்ந்த தெருவில் தையல் இயந்திரம் நின்றது.

அக்கா கைப்பேசியையே பார்த்தாள். சுற்றி நின்ற பெண்கள் அக்காவையே பார்த்தார்கள்.

"இதான் அவ," என்றாள். "இப்பதான் பேசுறா. ஓடுங்க."

7

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் எல்லாரும் மேட்டுச்சாலை ஏறிவிடுகிறார்கள். தண்ணீர் வந்து தெருவை மூடுகிறது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அக்காவும் தங்கையும் முகாமில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். நல்ல முடிவு. ஆனால் இதை அச்சடித்த மறுநாளே யாராவது சொல்வார்கள்: "பார்த்தீர்களா, கைப்பேசியே போதுமே, கல்லில் கரை எதற்கு?" நான் எழுதிய முடிவே என் கோரிக்கையின் கழுத்தைப் பிடிக்கும். [என்றாலும், இதை எழுதும்போதுதான் எனக்குத் தூக்கம் வந்தது. நல்ல தூக்கம்.]

இரண்டாம் முடிவில் எல்லாரும் ஏறுகிறார்கள், ஒருத்தியைத் தவிர. "கிளம்ப வேண்டாம்" என்று சொன்னவள், தான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க வீடு வீடாகத் தட்டிக்கொண்டே கடைசி வீடுவரை போகிறாள். தண்ணீரும் கடைசி வீட்டுக்கு—

[எழுத முடியவில்லை. கண்ணீர் வரும், கைதட்டல் வரும். எல்லாரும் மனம் இளகி வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு பெண்ணைக் கொன்று கூட்டத்தை அழவைப்பது எனக்குத் தெரிந்த கலைதான். அதனாலேயே செய்யமாட்டேன்.]

மூன்றாம் முடிவு எனக்கு எல்லாவற்றிலும் அச்சம் தருவது. தண்ணீர் வரவில்லை. பாலத்துப் பெட்டியின் வாயில் ஏதோ மரக்கிளை சிக்கியிருந்தது. எல்லாரும் வெயிலில் ஏறினார்கள், வெயிலில் இறங்கினார்கள். சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். அக்கா மறுபடி இயந்திரத்தில் உட்கார்ந்தாள். அடுத்தமுறை சின்னவள் உண்மையாகவே அலறும்போது, தெரு அக்காவைத் திரும்பிப் பார்க்கும். அக்கா என்ன சொல்வாள்?

மூன்றையும் நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். அச்சுக் கோக்கிறவர், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"எதுய்யா நிஜம்?"

"எதுவுமே இன்னும் நடக்கல."

"அப்ப அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முடிவைத் தேடி நான் அலைந்துகொண்டிருக்கையில், அவளை ஒலிவாங்கியின் முன் அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். யாரும் விசையை அணைக்கவில்லை!

8

சின்னவள் பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஒயர் மெத்தைக் கதவைத் திறந்துவைத்துவிட்டான். அங்கிருந்து அவளுக்கு ஜன்னல் தெரிகிறது. ஜன்னலில் மேட்டுச்சாலை தெரிகிறது. முதலில் ஒரு புள்ளி. பிறகு ஒரு கொத்து. பிறகு சாலை நிறமே மாறிவிட்டது. மூட்டைகள் ஏறுகின்றன, தோளில் பிள்ளைகள் ஏறுகிறார்கள், ஒரு நாற்காலியை நால்வர் தூக்கிவருகிறார்கள், அதில் யாரோ உட்கார்ந்திருக்கிறார். தொலைவில் யாருக்கும் முகம் இல்லை. ஆனால் பலருடைய ஒரு கை காதோடு ஒட்டியிருக்கிறது. அவளைக் கேட்டபடியே நடக்கிறார்கள். அவள் வாயிலிருந்து சொல் வருவதையும், அங்கே கால்கள் நகர்வதையும் அவள் ஒரே நேரத்தில் பார்க்கிறாள். உடம்பு சிலிர்க்கிறது. தன் மூச்சு அத்தனை பேரின் முதுகிலும் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருக்கிறது.

அக்கா அதில் இல்லை. இருக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். இருக்கச் சொன்னவள் கடைசி ஆளாகத்தான் ஏறுவாள், அவள் அப்படித்தான். ஆற்றின் நிறம் மாறிக்கொண்டு வருகிறது.

"குரலு, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்க," என்கிறான் ஒயர்.

அவள் தலையாட்டி மறுக்கிறாள். நிறுத்தினால், ஏதோ ஒரு வாசலில் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பவள், சரி, ஆபத்து போய்விட்டது என்று நினைத்துவிடுவாளோ? எனவே பேசுகிறாள். "அக்கா வந்துட்டியா வா கடைசி வீடு போதும்கா அவங்க போயிருப்பாங்க வா—" இந்தத் தடம் ஒருவழித் தடம். அவள் சொல்வது எல்லாருக்கும் போகும்; யார் சொல்வதும் அவளுக்கு வராது. லைன் திறந்திருக்கும்வரை எண் இரண்டு வேலை செய்யாது. பதிலைக் கேட்க வேண்டுமானால் அவள் பேச்சை நிறுத்த வேண்டும். நிறுத்த அவளுக்குத் துணிவில்லை.

வாசகரே, எனக்கும் இல்லை.

இந்தத் தாளும் ஒருவழித் தடம்தான். மேடையில் நின்றால் முதுகு நிமிர்வது தெரியும், இருமல் நிற்பது கேட்கும், கையமர்த்தி என்னை நிறுத்தவும் ஒருத்தி இருப்பாள். இங்கே யாரும் இல்லை. நீங்கள் எந்தக் கரையில், எந்த உயரத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. என்றோ எழுதிய என் சொல் உங்கள் மடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதே எனக்கு வியப்பு. அதில் நான் சிரிப்பதுபோல் கேட்கிறதா, நடுங்குவதுபோல் கேட்கிறதா என்பதைக்கூட நான் அறியேன்.

எனவே முடிவை நான் எழுதமாட்டேன். எழுதினால் இந்தக் குரல் நின்றுவிடும். அந்தச் சாலையை உங்களிடம் விடுகிறேன். கடைசியாக அதில் ஏறுகிறவள் யார் என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னாலும் எனக்குக் கேட்காது. அதுவரை அவள் பேசிக்கொண்டிருப்பாள், பாதி வாக்கியத்தில் அடுத்த வாக்கியம் தொடங்க, மூச்சு முட்ட, அக்கா தெரியுதா நான்தான் இப்ப நிஜமா நான்தான் வா எந்திரிச்சுட்டியா வா